சிரசு பொருத்துதலும் வூடூ சாமியாட்டமும்

கேள்வி:
குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில், பரசுராமன் வெட்டிய ரேணுகையின் தலை உடலோடு பொருந்திக் கண் திறந்தபோது, அருகில் நின்ற என் அத்தைக்கு அருள் வந்துவிட்டது. ஹைட்டியின் வூடூ சமயத்திலும் இவ்வாறு உயிர்த்தெழுதலும் சாமியாடுதலும் உண்டா?

மறுமொழி 1:
சாமியாடுதல் உண்டு. லோவா என்னும் தெய்வ ஆவி பக்தர்மேல் ஏறிச் சவாரி செய்கிறது என்றும், அவர் அதன் குதிரை என்றும் சொல்வார்கள். ஆடியது பின்னர் அவருக்கு நினைவிராது என்பது நம்பிக்கை.

மறுமொழி 2:
மந்திரத்தால் எழுப்பப்பட்ட பிணம் என்று ஹைட்டியில் நம்பப்படும் ஜோம்பியை உயிர்த்தெழுதலாக எண்ணிவிடாதீர்கள். அது தன் விருப்பம் பறிக்கப்பட்டு உழைக்கும் வெற்றுடல். அங்கே அன்று ஆண்ட பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் பட்ட அச்சமே அதில் உறைந்திருப்பதாக நான் கருதுகிறேன். இறந்து ஓராண்டும் ஒரு நாளும் கழிந்தபின், நீருக்கடியில் தங்கிய ஆன்மாவை அழைத்து, கோவி என்னும் மண்குடத்தில் அமர்த்தும் சடங்கே ரேணுகையின் கதைக்கு நெருக்கமானது.

கேட்டவர்:
நாமும் நீர்க்கரையில் கரகம் ஜோடித்துத்தானே அம்மனை அழைக்கிறோம்! அன்று நெற்றியில் திருநீறு பூசியதும் தண்ணீர் கேட்ட அத்தைக்கு, அதற்கு முன் நடந்த எதுவும் நினைவில்லை.