புதுப்பிப்பு: நூலிழையில் தப்பிய சம்பவங்களைத் துப்புரவு ஊழியர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்

யோசனை சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எங்கள் பல்கலைக்கழக ஆய்வகங்களில் துப்புரவு ஊழியர்கள் நூலிழையில் தப்பிய சம்பவங்களை, அதாவது விபத்தாகியிருக்கக்கூடிய ஆனால் யாருக்கும் காயமில்லாமல் போனவற்றை, சொல்வதே இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன்.

முதலில் பரிசு வவுச்சர் கொடுத்துப் பார்த்தோம், பலனில்லை. கைகொடுத்தது, பெயர் கேட்காமல் படமும் குரல் பதிவும் மட்டும் வாங்குங்கள் என்று ஒரு அக்கா சொன்னதுதான். அவற்றை அனுப்புவதற்கான கியூஆர் குறியீட்டைத் தமிழ், வங்காளம், சீனம், மலாய் விளக்கத்தோடு குப்பை அறைக் கதவில் ஒட்டினோம், சொன்னதற்கு என்ன நடவடிக்கை எடுத்தோம் என்பதையும் அதே கதவில் எழுதிப் போட்டோம். அதைப் பார்த்த பிறகுதான் தைரியமாக அனுப்ப ஆரம்பித்தார்கள்.

எதிர்பாராதது ஒன்று. ரசாயனம் பற்றித்தான் வரும் என்று நினைத்தோம், வந்ததில் பெரும்பாலும் குப்பைப் பை. ஒரு படத்தில், உடைந்த கண்ணாடி பிப்பெட் (திரவத்தை உறிஞ்சி அளக்கும் குழாய்) கறுப்புப் பையைக் கிழித்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் கையுறையில் நீளமாக ஒரு கீறல். அந்த ஆய்வகப் பேராசிரியர் அன்றே உடைந்த கண்ணாடிக்குத் தனித்தொட்டி வைக்கச் சொல்லிவிட்டார்.

அப்புறம், இடர் மதிப்பீட்டை (வேலையில் என்ன ஆபத்து வரலாம், எப்படித் தடுப்பது என்று எழுதிவைப்பதை) 3 ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதாதா என்று கேட்டவர்களுக்கு: சிங்கப்பூர் விதிப்படி அது அதிகபட்ச இடைவெளிதான். வேலையிடத்தில் யாராவது காயம்பட்டாலோ வேலைமுறை கணிசமாக மாறினாலோ அப்போதே மறுஆய்வு செய்ய வேண்டும். நாங்களும் மறுபடி எழுதினோம், இந்த முறை துப்புரவு மேற்பார்வையாளரையும் பக்கத்தில் உட்கார வைத்து.