ஓடும் லாக்கைப் பார்க்க டெயிலா, லெஸ்ஸா?

இரவுப்பணி:
என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் ஆக்சஸ் லாக்குக்கு (வரும் கோரிக்கைகளின் பதிவு), கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கட்டளையில் சின்ன எஃப் (-f) போடும் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். அது கோப்பின் பெயரைப் பிடிப்பதில்லை, திறந்தபோது இருந்த ஐநோடைப் (டிஸ்க்கில் கோப்பின் உள் அடையாளம்) பிடிக்கிறது. பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்க வைக்கும் லாக்ரொட்டேட் வந்து 'ஆக்சஸ்.லாக்' என்பதை 'ஆக்சஸ்.லாக்.1' ஆக்கியதும் டெயில் பழைய கோப்பிலேயே நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. திரை சும்மா இருக்கும். ட்ராஃபிக் இல்லை என்று நம்பிவிடுவீர்கள். பெரிய எஃப் (-F) போட்டால் பெயரைத் தொடரும், கோப்பு சற்றுநேரம் காணாமல் போனாலும் திரும்பத் தேடும்.

வரிவாசி:
சரி, ஆனால் 502 பிழை வரி ஒன்று ஓடி மறைந்தால் டெயிலில் என்ன செய்வீர்கள்? டெர்மினலை மேலே உருட்டிக் கண்ணால் தேட வேண்டும். கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸை 'லெஸ் +எஃப்' என்று திறந்தால் கண்ட்ரோல்-சி அடித்து நிறுத்தலாம், சாய்கோடு போட்டுத் தேடலாம், ஷிஃப்ட்-எஃப் அடித்தால் மறுபடி ஓடும். எனக்கு டெயிலே தேவையில்லை.

இரவுப்பணி:
லெஸ்ஸும் இயல்பாக ஐநோடைத்தான் பிடிக்கும் நண்பரே. '--ஃபாலோ-நேம்' கொடுக்காவிட்டால் நள்ளிரவு ரொட்டேஷனில் அதே குழியில்தான் விழும். இன்னொன்று: பழைய லாக் அழிக்கப்பட்ட பிறகும் அதைத் திறந்து வைத்திருந்தால் டிஸ்க் இடம் விடுபடாது. மொத்த டிஸ்க்கைப் பார்க்கும் டிஎஃப் நிறைந்ததாகக் காட்டும், கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ குறைவாகக் காட்டும். அழித்தும் திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' ஓட்டினால் பிடித்திருப்பவர் யார் என்று தெரியும். மறந்துபோன டிமக்ஸ் (டெர்மினல் அமர்வுகளைத் தக்கவைக்கும் கருவி) ஜன்னலில் கிடக்கும் லெஸ்ஸும் இதைச் செய்யும்.

வரிவாசி:
ஃபாலோ-நேம் விஷயத்தை ஏற்கிறேன், ஏலியாஸில் (கட்டளைக்கு வைக்கும் சுருக்கப்பெயர்) சேர்த்துவிடலாம். தேடும் வசதியை மட்டும் விட மாட்டேன்.

குழாய்வழி:
வடிகட்ட வேண்டும் என்றால் டெயில்தான். ஆனால் தேடிய சொல் உள்ள வரிகளை மட்டும் விடும் கிரெப் இரண்டைத் தொடராகப் போட்டு "ஒன்றுமே வரவில்லை" என்று தவிப்பவர்கள் அதிகம். முதல் கிரெப்பின் வெளியீடு டெர்மினலுக்குப் போகாமல் அடுத்த கட்டளைக்கான பைப்புக்குப் போவதால் வரிவரியாக வராது. பஃபர் (தற்காலிகச் சேமிப்பு) நிறைந்த பிறகே மொத்தமாக இறங்கும். முதல் கிரெப்புக்கு '--லைன்-பஃபர்ட்' கொடுங்கள். நடுவில் ஆக் (வரிகளைப் பிரித்துச் செயலாக்கும் கட்டளை) இருந்தால் ஒவ்வொரு பிரிண்ட்டுக்குப் பிறகும், பஃபரை உடனே இறக்கும் எஃப்ஃப்ளஷ் வையுங்கள்.

லாக்ரொட்டேட்டில் காப்பிட்ரங்கேட் (லாக்கை நகலெடுத்துவிட்டு மூலக் கோப்பைக் காலியாக்கும் முறை) அமைத்திருப்பவர்களுக்கு: நகலெடுத்து முடித்ததற்கும் கோப்பை வெட்டுவதற்கும் இடையில் எழுதப்பட்ட வரிகள் போனது போனதுதான். எந்த எஃப்பும் அவற்றைக் கோப்பில் மீட்டுத் தராது. என்ஜின்எக்ஸுக்கு அது வேண்டவே வேண்டாம். பெயரை மாற்றிவிட்டு யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் அதுவே புது கோப்பைத் திறந்துகொள்ளும்.