பாம் 3எக்ஸ்இ: பேட்டரி மாற்றினால் எல்லாமே அழிந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துப் படியுங்கள். கேள்வி கடைசியில் வரும்.

எனக்கு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிற வேலை. காலையில் ஏலம் நடக்கும்போது கூடவே நின்று, எந்த லாட் என்ன விலைக்குப் போனது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மதியத்துக்கு மேல் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். 14 மாதத்துக்கு முன்னால் கோவையில் ஒரு பழைய சாமான் கடையில், கால்குலேட்டர்கள் குவிந்து கிடந்த கூடைக்குள் ஒரு பாம் 3எக்ஸ்இ கண்ணில் பட்டது. எழுதுகோலால் திரையில் எழுதுகிற பழைய கையடக்கக் கணினி. 2000-இல் வந்த மாடல், 8 எம்பி நினைவகம், ட்ரிபிள் ஏ பேட்டரி இரண்டு. அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் தாங்கியான கிரேடிலும் அந்தக் கூடையிலேயே அடியில் கிடந்தது. இரண்டும் சேர்த்து 400 ரூபாய். எழுதுகோல் மட்டும் முனை தேய்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து பேட்டரி போட்டதும் விழித்துக்கொண்டது. அன்றிலிருந்து அதை விடவில்லை.

ஏன் பிடித்தது என்று சொல்கிறேன். யார்டில் வெயில் கண்ணைக் கூசும். செல்போனை வெளிச்சம் முழுக்க வைத்தாலும் கையால் மறைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். பாமின் திரை சாம்பல் நிறத் திரை. வெயில் பட்டால் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரியும். அப்புறம் அந்த மெமோ பொத்தான். அணைந்து கிடக்கும்போது அதை அழுத்தினால் நேராக மெமோவில் போய் நிற்கும். எழுதி, அணைத்து, சட்டைப் பையில் போடுவதற்குள் பக்கத்து ஆள் போன் பூட்டைத் திறந்திருக்க மாட்டார்.

எழுதுவதற்குத்தான் நாள் பிடித்தது. பாமில் எழுதும் முறைக்குக் கிராஃபிட்டி என்று பெயர். அதில் எழுத்து ஒவ்வொன்றும் ஒரே கீற்று. ஏ என்றால் நடுக்கோடு இல்லாமல் ஏறி இறங்குவது மட்டும். டி என்றால் குறுக்கே ஒரு கோடு, அதன் முனையிலிருந்து அப்படியே கீழே. விரலி மஞ்சளுக்கு ஆங்கில வி, கிழங்கு மஞ்சளுக்குக் கே என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் முழுக்க நான் வி எழுத, அது யு என்று எடுத்துக்கொண்டது. அப்புறம்தான் தெரிந்தது, வி எழுத்தை வலமிருந்து இடமாகப் போட்டால் தவறவே தவறாது. கே எழுத்து வாலை வலப்பக்கம் வைத்த மீன் மாதிரி. இப்போது கை தானாகப் போகிறது. ஏலம் விடுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, திரையைப் பார்க்காமல் 'வி 13420' என்று எழுதிவிடுகிறேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். போன புதன்கிழமை பேட்டரி குறைவு என்று எச்சரிக்கை வந்தது. புது பேட்டரியை மேசையில் எடுத்து வைத்துக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆன் செய்தால் என் பட்டியல் இல்லை. வெள்ளைத் திரையில் ஒரு குறி, அதன் நடுவில் தொடச் சொல்லி ஒரு வரி. புதிதாக வாங்கிய அன்று வந்த அதே திரை. தொடுவதற்கே மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மண்டிக் கணக்கு தப்பித்தது, அது அன்றன்றைக்கே ஏறிவிடும். போனது நான் எனக்காக வைத்திருந்த குறிப்பு. ஒவ்வொரு நாளும் மழை உண்டா, எந்த ஊர்ச் சரக்கு அதிகம் வந்தது, விரலிக்கும் கிழங்குக்கும் விலை எவ்வளவு இடைவெளி என்று 14 மாதம் விடாமல் எழுதியது.

கேள்விகள்: போனதை மீட்க ஏதாவது வழி உண்டா? இனிப் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? கிரேடிலின் வயர் பழைய 9 ஊசி சீரியல். என் லேப்டாப்பில் அந்த வாயே இல்லை. லேப்டாப்பில் லினக்ஸ்.

எழுத்தாணி (சென்னை)

தம்பி, முதலில் மனதுக்குக் கஷ்டமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். போனது போனதுதான். அந்தத் தலைமுறைப் பாமில் நாம் எழுதுவது எல்லாமே ராமில்தான் இருக்கிறது. மின்சாரம் இருக்கும் வரைதான் அதற்கு ஞாபகம். நீங்கள் அந்த 14 மாதத்தில் ஒரு தடவையாவது கம்ப்யூட்டரோடு ஒத்திசைத்திருந்தால் அங்கே ஒரு நகல் இருக்கும். கிரேடிலையே இணைக்கவில்லை என்றால் தேட இடமில்லை.

இப்போது ஏன் இப்படி ஆனது என்று பார்ப்போம். பேட்டரியைக் கழற்றியதும் உள்ளே ஒரு கெபாசிட்டர் நினைவகத்தைத் தாங்கும். புதிதாக இருந்த காலத்தில் ஒரு நிமிடத்துக்குள் மாற்றிவிடுங்கள் என்பதுதான் கணக்கு. இருபது வருடத்துக்கு மேல் ஆன கெபாசிட்டர் அந்த நிமிடத்தை இனித் தராது. ஒன்றைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிட்டு அப்புறம் அடுத்ததை மாற்றலாமே என்று தோன்றும், உதவாது. இரண்டும் தொடரிணைப்பில் இருக்கின்றன, ஒன்றை எடுத்தாலே இரண்டும் துண்டிக்கப்பட்டுவிடும். சாலிடரிங் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் கெபாசிட்டரை மாற்றலாம். ஆனால் நகல் எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் அந்த அவசரமே இருக்காது.

நகல் எடுக்கும் வழி: யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்று வாங்குங்கள். லினக்ஸ் என்பது நல்லதாகப் போயிற்று. பைலட்-லிங்க் என்று ஒரு தொகுப்பு உண்டு, அதிலே பைலட்-எக்ஸ்ஃபர் என்ற கட்டளை. அதை ஓட்டிவிட்டு கிரேடிலில் உள்ள, ஒத்திசைவைத் தொடங்கும் ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தினால், உள்ளே உள்ள எல்லாமே பிடிபி கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் வந்து உட்கார்ந்துவிடும். மெமோக்கள் 'மெமோடிபி' என்ற கோப்பில் இருக்கும். பாதியில் நின்றால் வேகத்தைக் குறைத்து முயலுங்கள், சில மாற்றிகளுக்கு அது தேவைப்படும். தினமும் பார்த்துப் படிக்க ஜே-பைலட் என்ற நிரலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. உங்கள் மாடலில் இயங்குதளம் இருக்கும் ரோம், ஃபிளாஷ் வகை. அதில் மிச்சமிருக்கும் இடத்தில் கோப்புகளை வைக்க ஃபிளாஷ்புரோ என்றொரு நிரல் அந்தக் காலத்தில் இருந்தது. அங்கே வைத்தது பேட்டரி போனாலும் போகாது. இடம் கொஞ்சம்தான், ஆனால் மெமோவுக்கு என்ன இடம் வேண்டும்?

ரீசார்ஜ் பேட்டரி போடுகிறீர்களா? அப்படியானால் கிராஃபிட்டியில் ஷார்ட்கட் குறி எழுதி, இரண்டு தடவை தட்டிப் புள்ளி வைத்து, 7 எழுதுங்கள். பேட்டரி வகை மாறும். 1-ஐயும் 2-ஐயும் மட்டும் அதேபோல் முயன்று பார்க்காதீர்கள். அவை சீரியல் வாயைத் திறந்து வைத்துவிடும், பேட்டரி வேகமாக இறங்கும். தவறிச் செய்துவிட்டால் ரீசெட் செய்யுங்கள். எழுதுகோலின் மேல்முனையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஒரு ஊசி இருக்கும். பின்பக்க ஓட்டைக்காகவே வைத்தது.

நான் 1998-இல் பாம் 3 வாங்கினேன். அதற்கு முன்னால் என் சட்டைப் பையில் சிறு டைரி ஒன்று எப்போதும் இருக்கும். பாம் நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அதன் முதல் கருவியான பைலட்டை வடிவமைக்கும் முன், பையில் அடங்குகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து மாதக்கணக்கில் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். யாராவது ஏதாவது கேட்டால் கட்டையை எடுத்து எழுதுவதுபோல் செய்து பார்ப்பார். 1996-இல் வந்த பைலட் 1000-இல் நினைவகம் 128 கேபிதான். அதற்குள் நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, மெமோ எல்லாம் அடங்கின. எதை விட வேண்டும் என்று தெரிந்து விட்டிருக்கிறார்கள். நீங்கள் யார்டில் அனுபவிக்கிற அந்த வேகம் அந்தக் கட்டையிலிருந்து வந்தது.

ராம்நகர்

தப்பாக நினைக்காதீர்கள் நண்பரே. 14 மாத உழைப்பு ஒரே நொடியில் போயிருக்கிறது, படிக்கும்போதே வருத்தமாக இருந்தது. அதனால்தான் கேட்கிறேன். போனில் எழுதினால் தானாக நகல் சேரும், தமிழிலேயே எழுதலாம். பாமில் தமிழ் வருமா? 2005 பொங்கலுக்குச் சிங்கப்பூரில் போனில் தமிழ் எழுத உதவும் செல்லினம் செயலி வெளியானபோது, பொத்தான் போனிலேயே தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினேன். அன்றைய சந்தோஷத்தை அனுபவித்தவனுக்கு, தமிழ் எழுத முடியாத கருவியோடு இப்போது மாரடிக்க மனம் வராது.

மஞ்சள்மண்டி

நீங்கள் சொல்வது நியாயம்தான். தமிழ் வராது, 'மழை' என்பதை ஆங்கில எழுத்தில்தான் போடுகிறேன். அந்தக் குறை எனக்கும் உண்டு. ஆனால் போனை எடுத்தால் விலை எழுதுவதற்குள் மூன்று வாட்ஸ்அப் செய்தி வந்து நிற்கிறது. ஒன்றைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் இரண்டு லாட் போயிருக்கும். பாமில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதில் எழுதிய 14 மாதமும் ஒரு விலையைக்கூடத் தவறவிடவில்லை.

எழுத்தாணி அண்ணா, யுஎஸ்பி மாற்றிக்குச் சொல்லி வைத்துவிட்டேன். எழுதுகோலைத் திருகிப் பார்த்தேன், ஊசி இருக்கிறது! ஒரு வருடமாகக் காகித கிளிப்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தேன்.

சுவடிக்காரி (தஞ்சாவூர்)

தம்பி, நான் ஓலைச்சுவடிகளைப் படித்து அட்டவணை போடும் வேலை செய்கிறேன். கிராஃபிட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிடுவார்கள். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் ஒரே கோடு. படிக்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். எழுதப்படும் பொருளுக்கு ஏற்ப எழுத்தே தன்னைக் குறைத்துக்கொள்வதை நான் தினமும் பார்க்கிறேன். ஏ எழுத்தின் நடுக்கோட்டை விட்டதும் அதே காரியம்தான். கற்றுக்கொள்ள வேண்டியது மனிதன் பக்கம் என்று விட்டதால்தான் அவ்வளவு சின்னக் கருவியால் படிக்க முடிந்தது.

நான் வைத்திருப்பது பாமின் பிந்தைய மாடலான டங்ஸ்டன் இ2. அதில் கிராஃபிட்டி 2. ஒற்றைக் கீற்று முறை தங்களுடையது என்று ஜெராக்ஸ் வழக்குப் போட்டதற்கு அப்புறம், 2003 முதல் பாமில் இந்த இரண்டாவது முறைதான். டி, கே எல்லாம் இரண்டு கீற்றாக ஆகிவிட்டன. பழையதில் கை பழகியவர்களுக்கு அது கொஞ்சமும் ஒட்டாது. உங்களிடம் இருப்பது மூல கிராஃபிட்டி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் பகுதியில் மங்கலான ஒட்டு டேப்பை ஒரு துண்டு வெட்டி ஒட்டுங்கள். கண்ணாடி போன்ற டேப் வேண்டாம். கீறலும் விழாது, எழுதுகோல் வழுக்காமல் காகிதத்தில் எழுதுவதுபோல் இருக்கும். தேய்ந்த முனைக்கும் நல்லது.

எழுத்தாணி

அம்மா, புள்ளி விஷயம் அருமை. இத்தனை வருடம் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றவில்லை. தம்பிக்கு ஒன்று மறந்துவிட்டேன்: இந்தப் பாமின் நாட்காட்டி 2031 டிசம்பர் 31-ஓடு முடிகிறது. வருடத்தை 1904-இலிருந்து ஏழு பிட்டில் எண்ணுகிறது, 128 வருடம்தான் கொள்ளும். மெமோவில் தேதியை நீங்களே எழுதிக்கொண்டால் அதற்கு அப்புறமும் ஓட்டலாம்.

மஞ்சள்மண்டி

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். வரத்து அதிகம்.

மாற்றி வந்தது. முதல் நாள் சரியாகவே இணையவில்லை, நடுவில் நடுவில் நின்றது. அண்ணா சொன்னபடி வேகத்தை 9600-க்கு இறக்கினேன். ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தியதும் அந்தச் சின்ன இசை வந்தது, ஒவ்வொரு கோப்பின் பெயராகத் திரையில் ஓடியது. பொறுமையாகத்தான் வந்தது, ஆனால் எல்லாம் வந்துவிட்டது. மெமோடிபியை ஜே-பைலட்டில் திறந்து பார்த்தால், இழந்தபின் புதிதாக எழுத ஆரம்பித்த குறிப்புகள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன.

நம்பிக்கை வர வேண்டும் என்று நேற்று ஒன்று செய்தேன். நகல் எடுத்துவிட்டு, வேண்டுமென்றே பேட்டரி இரண்டையும் கழற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திரும்பப் போட்டேன். அதே குறி, அதே வெள்ளைத் திரை. இந்தத் தடவை தயங்காமல் தொட்டேன். கிரேடிலில் வைத்து நகலைத் திருப்பி ஏற்றினேன். முதல் மெமோவில் 'வி 13420' இருந்தது.

அக்கா சொன்ன டேப்பும் ஒட்டியாயிற்று. எழுதும்போது லேசாகச் சரசரவென்று சத்தம் வருகிறது. இன்று காலை யார்டில் பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவர் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி, என்ன தம்பி எழுதறீங்க என்று கேட்டார். அவருடைய லாட்டின் விலையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெயிலில் சாய்த்துப் பிடித்துப் படித்தார்.