பத்தொன்பது மாதம் ஓடிய பெல்ட்: யூ.டபிள்யூ.எஃப். ஹெவிவெயிட் பட்டம், 1986–87

ஓக்லஹோமா, ஆர்கன்சா, லூசியானா, மிசிசிப்பி, கூடவே டெக்சஸில் ஒரு பகுதி. யார் ஜெயிப்பது என்று முதலாளி முன்கூட்டியே முடிவு செய்யும் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்தில், பில் வாட்ஸ் என்ற முதலாளியின் மிட்-சவுத் ரெஸ்லிங் கம்பெனி ஓடிய வட்டாரம் இதுதான். 1986-ல் நாடு முழுக்க டி.வி.யில் வர ஆசைப்பட்டு, கம்பெனிக்கு யூனிவர்சல் ரெஸ்லிங் ஃபெடரேஷன் (யூ.டபிள்யூ.எஃப்.) என்று பெயர் மாற்றினார். பெயர் பெரிதானதும் பழைய நார்த் அமெரிக்கன் பட்டத்தை ஓரம் கட்டிவிட்டுப் புது ஹெவிவெயிட் பட்டம் கொண்டுவந்தார்.

முதல் மோதல் மே 30, 1986, ஹூஸ்டன். நாக்-அவுட் தொடரின் இறுதியில் டெர்ரி கோர்டி, ஜிம் டக்கனை வென்றார். டக்கன் அந்த ஊர்க்காரர்களின் செல்லப்பிள்ளை, கோர்டி ஃப்ரீபேர்ட்ஸ் என்ற மல்யுத்த அணியின் வில்லன். புதுப் பட்டத்தை வில்லன் கையில் கொடுத்தால்தான், அதைப் பறிக்கும் நாளுக்காக ஜனம் டிக்கெட் வாங்கும். வாட்ஸுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி.

* * *

அந்தக் கணக்கு எங்கே புட்டுக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோர்டி 163 நாள் வைத்திருந்தார். காயத்தால் அவரால் இறங்க முடியாமல் போக, நவம்பர் 9 அன்று பட்டம் 'ஒன் மேன் கேங்' என்ற வீரருக்குப் போனது. எதிராளியின் தோளைத் தரையில் அழுத்தி, நடுவர் மூன்று எண்ண யாரும் வாங்கவில்லை, கைமாறியது அவ்வளவுதான். ஐந்து மாதத்துக்கு மேல் வளர்த்த வில்லனை யாருமே வீழ்த்தவில்லை என்றால் அந்த முதலீடு முழுக்க நஷ்டம். பட்டம் பிறந்த வருஷத்திலேயே விழுந்த அடி இது. வரிசைப் பட்டியல் போடுகிறவர்கள் கேங் பெயருக்கு எதிரே 'வென்றார்' என்று எழுதாதீர்கள். எதிராளி வராததால் கிடைத்தது என்று எழுதுங்கள்.

* * *

பணப் பக்கத்தையும் பாருங்கள். 1985 கடைசியில் பீப்பாய்க்கு 30 டாலரை ஒட்டியிருந்த கச்சா எண்ணெய், 1986 நடுவில் 10 டாலர் பக்கம் விழுந்துவிட்டது. மிட்-சவுத் முழுக்க எண்ணெய்ச் சம்பளத்தில் வாழ்ந்த ஊர்கள். வேலை போனவன் முதலில் நிறுத்துவது இந்த மாதிரி டிக்கெட்டைத்தான். வெளி மாநிலங்களில் டி.வி. நேரத்துக்குச் செலவு ஏறிக்கொண்டே போக, சொந்த வட்டாரத்து வசூல் இறங்கிக்கொண்டே வந்தது. 1987 ஏப்ரலில் வாட்ஸ் கம்பெனியை இன்னொரு மல்யுத்தக் கம்பெனி முதலாளியான ஜிம் கிராக்கெட்டிடம் விற்றார்.

* * *

விற்பனை முடிந்த கையோடு ஏப்ரல் 19-ல் நடந்த மாற்றம்தான் எனக்கு சுவாரஸ்யமானது. கேங், டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) என்ற எதிர்க் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போகிறவன் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட்டோடு எதிர்க் கம்பெனி டி.வி.யில் போய் நிற்பான். இது தொழிலின் எழுதாத சட்டம். ஆனால் வென்றவர் பிக் பப்பா ராஜர்ஸ், கிராக்கெட்டின் ஆள். (பின்னாளில் போலீஸ் சட்டையோடு வந்த பிக் பாஸ் மேன் இவரேதான்.) வாங்கிய முதலாளி தன் ஆளிடம் பட்டத்தைக் கொடுத்ததும், எது பெரிய வீடு என்று ரசிகனுக்குப் புரிந்துவிட்டது.

83 நாள் கழித்து, ஜூலை 11, ஓக்லஹோமா சிட்டியில் 'டாக்டர் டெத்' ஸ்டீவ் வில்லியம்ஸ் அதை மீட்டார். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்தும் மல்யுத்தமும் ஆடியவர் அதே மாநிலத்தில் ஜெயிக்கிறார். சரியான ஆள், சரியான ஊர். என்ன, ஒரு வருஷம் தாமதம்.

* * *

கடைசிப் பெரிய மேடை கிராக்கெட் கம்பெனியின் பெரிய நிகழ்ச்சியான ஸ்டார்கேட், நவம்பர் 26, 1987, சிகாகோ. அங்கே வில்லியம்ஸ், பேரி விண்டமோடு மோதினார். இருவருமே நல்லவர்கள், நடுவே பகை எதுவும் இல்லை; கூட்டம் யாருக்குக் கத்தும்? ஏழு நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார்கள். அடிவயிற்றில் தவறிப்போய் பட்ட அடியால் விண்டம் தடுமாற, வில்லியம்ஸ் சுருட்டிப்போட்டு எண்ணிக்கை வாங்கினார். அதே மேடையில் நிகிதா கோலோஃப், டெர்ரி டெய்லரை வென்று இரண்டு கம்பெனிகளின் டி.வி. பட்டங்களையும் ஒன்றாக்கினார். சின்னப் பட்டத்துக்குக் கிடைத்த மரியாதை பெரிய பட்டத்துக்குக் கிடைக்கவில்லை! அதே இரவில் ரிக் ஃப்ளேர், ரான் கார்வினிடமிருந்து கிராக்கெட் பக்கத்தின் முதன்மைப் பட்டமான என்.டபிள்யூ.ஏ. பட்டத்தை வாங்கினார். ஃப்ளேருக்கு எதிரே வில்லியம்ஸை நிறுத்தி, பட்டத்துக்குப் பட்டம் என்று அறிவித்திருந்தால் மாதக்கணக்கில் ஓடியிருக்கும். செய்யவில்லை. டிசம்பரில் சத்தமில்லாமல் பட்டத்தைக் கைவிட்டார்கள். வில்லியம்ஸ் அதை யாரிடமும் தோற்கவே இல்லை.

* * *

பழைய பதிவுகளைத் தேடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒரே டேப் ஊருக்கு ஊர் வெவ்வேறு வாரம் ஒளிபரப்பாகும் காலம் அது. ஒளிபரப்பு தேதியை வைத்து ஆட்சி நாள் கணக்குப் போட்டால் வாரக்கணக்கில் பிசகும். அரங்கில் மோதல் நடந்த தேதியை எடுங்கள். இரண்டாவது, யூ.டபிள்யூ.எஃப். என்ற எழுத்துகள். 1984-ல் ஜப்பானில் தொடங்கியது வேறு, 1990-ல் ஹெர்ப் ஏப்ரம்ஸ் தொடங்கியது வேறு. ஏப்ரம்ஸ் கம்பெனியிலும் ஸ்டீவ் வில்லியம்ஸ் ஆடியிருப்பதால் அவர் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டும் கலந்துதான் வரும். ஆண்டைச் சேர்த்துத் தேடுங்கள்.