முள்ளுக்குப் பயந்த பிள்ளைகள்: என் வகுப்பு அனுபவம்

பள்ளியில் ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கிறவள் நான். மீனைப் பற்றிய முதல் வகுப்பை நான் நடத்திய விதம் சரியில்லை. பெரிய வரைபடத்தை மாட்டிவைத்து, ஒமேகா-3 கொழுப்பு மூளைக்கும் கண்ணுக்கும், அயோடின் தைராய்டு சுரப்பிக்கு, வைட்டமின் டி எலும்புக்கு என்று 40 நிமிடம் பேசினேன். பத்து வயதுப் பிள்ளைகள் சமர்த்தாக எழுதிக்கொண்டார்கள், தேர்விலும் சரியாக விடை எழுதினார்கள். ஆனால் மதிய உணவில் மீன் வைத்த நாளன்று பாதித் தட்டுகள் தொடாமலே திரும்பி வந்தன.

பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேட்டேன். ஒரு சிறுமி என் காதருகே வந்து, "டீச்சர், போன வருடம் எனக்குத் தொண்டையில் முள் குத்தியது" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் மற்றவர்களும் வாயைத் திறந்தார்கள். சிலருக்கு முள், சிலருக்குக் கவிச்சி. இந்த இரண்டுக்கும் என் வரைபடத்தில் பதிலே இல்லை.

அடுத்த வாரம் அவித்த மத்தி மீன்களைத் தட்டில் வைத்து எடுத்துப் போனேன். பிள்ளைகள் கை கழுவிவிட்டு ஆறு ஆறு பேராகச் சுற்றி நின்றார்கள். முதுகு ஓரமாக விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் சதை விலகிக் கொடுக்கும். மேல்பாதியை எடுத்துவிட்டு வாலைப் பிடித்துத் தலைப்பக்கமாகத் தூக்கினால் நடுமுள் சீப்புப் போலக் கையோடு வரும். வயிற்றுப் பக்கத்து மெல்லிய முட்களைத்தான் நிதானமாகத் தேடி எடுக்க வேண்டும். அந்தச் சிறுமி நடுமுள்ளை இரண்டு விரல்களால் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. முள் சிக்கி வலி நின்றுவிடாமல் இருந்தால், வேறு எதையாவது விழுங்கி அதை உள்ளே தள்ளப் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அப்போதே சொன்னேன். பயந்த பிள்ளைக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

கவிச்சிக்கு எலுமிச்சை உதவியது. மீன் இறந்த பின் நுண்ணுயிர்களால் உண்டாகும் டிரைமெத்திலமைன் என்ற வேதிப்பொருள்தான் அந்த வாடைக்கு முக்கியக் காரணம். அது காரத்தன்மை உள்ளது, எலுமிச்சைச் சாறு அமிலம்; இரண்டும் சேர்ந்தால் வாடை அடங்கும். மீனைத் தொட்ட விரலில் சாற்றைத் தேய்த்து முகர்ந்தபோது வித்தியாசம் அவர்களுக்கே தெரிந்தது. ஒரு செதிலைப் பூதக்கண்ணாடியில் காட்டினேன். அடிமரத்தில் தெரிவதுபோல வளையங்கள்! அதைப் பார்க்க வரிசை கட்டி நின்றார்கள்.

பெற்றோருக்கும் ஒரு கடிதம் அனுப்பினேன். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு முறை மீன் தரலாம் என்கிறது. ஒரு வேளைக்கு 4 முதல் 7 வயது வரை ஏறத்தாழ 55 கிராம், 8 முதல் 10 வயது வரை 85 கிராம். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் அதிகம் சேரும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, மத்தி, நெத்திலி போன்றவற்றைத் தரச் சொன்னேன்.

அந்தச் சிறுமி நான்காவது முறைதான் ஒரு துண்டை வாயில் வைத்தாள். அதற்கு முன் தானே முள் எடுத்து, சதையை விரலால் நசுக்கிச் சரிபார்த்துக்கொண்டாள்.

மறுமொழி, ஒரு தாய்:
நல்ல முயற்சி, டீச்சர். ஆனால் என் மகனுக்கு மீன் ஒவ்வாமை. மீன் வேகும் ஆவி பட்டாலே அவனுக்கு மூச்சிரைக்கும். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒருமுறை அவனுடைய பள்ளியில் "ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று சொல்லி ஊட்டப் பார்த்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

என் பதில்:
அம்மா, இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வாமை உண்டா, வீட்டில் மீன் சாப்பிடுவதுண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கினேன். ஒவ்வாமை உள்ள ஒரு பையன் இருந்தான். அவன் அறைக்குள் வரவே இல்லை. செதிலின் பெரிய படத்தை நூலகத்தில் வைத்து அவனோடு வளையங்களை எண்ணினேன். மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் அவனோடு அங்கேதான் இருந்தார்கள். ஒமேகா-3 உள்ள ஆளி விதை, வால்நட் பற்றி அவர்களிடம் பேசினேன். உங்கள் மகனின் ஒவ்வாமை விவரத்தை மருத்துவர் கையெழுத்தோடு பள்ளியில் கொடுத்துவையுங்கள். உணவு பரிமாறுகிறவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.