பயிற்சி முடிந்தும் ‘சேமி’ பட்டன் இன்னும் டிவ்தான்: என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். டீமில் எட்டுப் பேருக்கு வெப் டிசைன், டெவலப்மென்ட் பயிற்சி கொடுக்கிறேன். மூன்று வாரம் ஸ்லைடு போட்டு செமான்டிக் எச்டிஎம்எல் (அர்த்தத்துக்கேற்ற டேக் போடுவது), கிரிட் (பக்க அமைப்பு), அக்சஸிபிலிட்டி (எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வது) எல்லாம் நடத்தினேன். நன்றாகத் தலையாட்டினார்கள். நேற்று கோட் ரிவ்யூவில் பார்த்தால் ‘சேமி’ பட்டன் ஆன்கிளிக் (கிளிக் செய்தால் ஓடும் கோட்) வைத்த ஒரு டிவ், அதாவது தனக்கென்று அர்த்தம் இல்லாத வெறும் பெட்டி. ஸ்டைல்ஷீட்டின் மேலேயே ‘அவுட்லைன் நன்’ (கீபோர்டு இப்போது எங்கே நிற்கிறது என்று காட்டும் கோட்டை மறைக்கும் வரி) வேறு. கேட்டால், "கிளிக் பண்ணினா வேலை செய்யுதே, லைட்ஹவுஸ் ஸ்கோர் 96 வருதே" என்கிறார்கள் (லைட்ஹவுஸ் என்பது பக்கத்தைத் தானாகச் சோதித்து மதிப்பெண் போடும் கூகுள் கருவி). எங்கே கோட்டை விட்டேன்?

பதில் 1:
ஸ்லைடை மூடிவிட்டு மவுஸை வாங்கி வையுங்கள். அவரவர் எழுதிய ஃபார்மை கீபோர்டால் மட்டும் நிரப்பி அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண டிவ்வில் ஃபோகஸ் (கீபோர்டு இப்போது எதை இயக்கும் என்ற இடம்) நிற்காது, தாண்டிப் போய்விடும். அதையே பட்டன் டேக்காக மாற்றினால் ஃபோகஸ், என்டர், ஸ்பேஸ், ஸ்கிரீன் ரீடர் (திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) அதைப் பட்டன் என்று சொல்வது எல்லாமே சும்மா கிடைக்கும். டிவ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ரோல் (இது பட்டன் என்று சொல்ல), டேப்இண்டெக்ஸ் (ஃபோகஸ் நிற்க), கீ ஹேண்ட்லர் (என்டர், ஸ்பேஸுக்கு) என்று ஒவ்வொன்றாகக் கட்டியாக வேண்டும். அந்த 96-ஐ நம்பாதீர்கள். கீபோர்டில் இயங்குகிறதா என்பதை ஆள்தான் பார்க்க வேண்டும் என்று லைட்ஹவுஸே ஸ்கோரில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது.

பதில் 2:
ஸ்லைடையும் ஒருமுறை பாருங்கள். இன்னும் எஃப்ஐடி (முதல் கிளிக்கைப் பக்கம் கவனிக்க ஆகும் தாமதம்) இருந்தால் தூக்குங்கள், 2024 மார்ச்சிலேயே கூகுளின் அளவீடுகளில் அந்த இடத்துக்கு ஐஎன்பி (கிளிக், கீ தட்டலுக்குத் திரையில் பதில் தெரிய ஆகும் நேரம்) வந்துவிட்டது. 200 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது. டபிள்யூசிஏஜி (அக்சஸிபிலிட்டி விதிமுறை) 2.2 வந்தது 2023 அக்டோபரில். தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்பது அதில்தான் சேர்ந்தது.

கேட்டவர்:
எஃப்ஐடி என் ஸ்லைடிலும் இருந்தது, வெட்கம்தான். இன்று மவுஸைப் பிடுங்கினேன். ஒருவர் ஆறு கட்டத்தையும் நிரப்பி டேப் அடித்தார். ஃபோகஸ் நேராக ஃபூட்டருக்குப் போய்விட்டது. அவுட்லைன் இல்லாததால் அது அவருக்குத் தெரியவில்லை. என்டர் தட்டினார், பிரைவசி பாலிசி திறந்தது. நிரப்பியதெல்லாம் போச்சு! அதன்பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரே டிவ்வை மாற்றினார். ஆனால் இப்போது ‘சேமி’ அழுத்தினால் பக்கமே ரீலோட் ஆகிறது. "டிவ்வே தேவலை சார்" என்கிறார்.

பதில் 1:
ஃபார்முக்குள் இருக்கும் பட்டனுக்கு டைப் கொடுக்காவிட்டால் அது சப்மிட்தான், அதாவது ஃபார்மை அனுப்பிப் பக்கத்தை ரீலோட் செய்யும். ‘சேமி’ அப்படியே இருக்கட்டும். ஆன்கிளிக்கை எடுத்துவிட்டு ஃபார்மின் சப்மிட் ஈவென்ட்டில் பிரிவென்ட்டிஃபால்ட் (அந்த ரீலோடைத் தடுக்கும் கட்டளை) போட்டு அங்கேயே சேமியுங்கள். ‘ரத்து’ போன்ற மற்றவற்றுக்கு மட்டும் டைப் பட்டன் என்று எழுதுங்கள்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி. ‘அவுட்லைன் நன்’ வரியையும் அவரே அழித்துவிட்டார். நாளைக்கு மீதி ஏழு மவுஸ்.