உளநெருக்கீடு இதயநோயைக் கூட்டுமா? விலங்குகளில் கண்டது என்ன?

கேள்வி: வெள்ளவத்தை மகள்

வணக்கம். புறக்கோட்டையில் புடவைக் கடை நடத்தும் என் அப்பாவுக்குச் சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து, இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடியொன்றில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. குளிசைகளைத் தவறாமல் எடுக்கிறார், சோற்றையும் குறைத்துவிட்டார். ஆனால் இரவு பதினொரு மணிக்கும் கடன் கொப்பியை மடியில் விரித்து வைத்து, கூட்டிய பக்கத்தையே திரும்பத் திரும்பக் கூட்டுகிறார். அவருடைய கழுத்தில் நாடி துடிப்பது கதவடியில் நிற்கும் எனக்கே தெரிகிறது. "யோசிக்காதீங்கோ அப்பா" என்றால், குழாயை அடைப்பது கொழுப்பே தவிர யோசனை அல்ல என்கிறார். மனிதரில் கவலையையும் புகைத்தலையும் உணவையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதால் விலங்குகளில் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள் என்று வாசித்தேன். விலங்கொன்றுக்குக் கவலையைக் கொடுப்பது எப்படி? அதன் நாடியில் உண்மையில் என்ன நடக்கிறது?

மறுமொழி: உடற்றொழிலியல் ஆசிரியர்

அப்பா கொழுப்பைப் பற்றிச் சொல்வது சரி. ஆனால் அது பாதிதான். மற்றப் பாதியைக் குரங்குகளில் கண்டார்கள். அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஜே கப்லன், ஸ்டீபன் மனக் ஆகியோரின் குழு 1982 இல் வெளியிட்ட ஆய்வில், 30 ஆண் நீள்வால் மக்காக் குரங்குகளை ஐந்தைந்தாகப் பிரித்து, எல்லாவற்றுக்கும் ஒரே கொழுப்புணவை 22 மாதங்கள் கொடுத்தார்கள். பாதிக் குரங்குகளின் கூட்டங்கள் குலையாமல் விடப்பட்டன. மற்றப் பாதியை அவ்வப்போது கூட்டம் மாற்றிப் போட்டார்கள். யார் பெரியவர் என்பதை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போராடித் தீர்க்க வேண்டியிருந்ததே அங்கே நெருக்கீடு. குலைந்த கூட்டங்களில் தலைமைநிலையைப் பிடித்து வைத்திருந்த குரங்குகளின் முடியுரு நாடிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிவு மிக அதிகமாக இருந்தது; குருதிக் கொலஸ்திரோலை வைத்து அந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. குலையாத கூட்டங்களின் தலைமைக் குரங்குகளுக்கு அந்தக் கேடு நேரவில்லை.

1987 இல் அதே குழு, அதிரனலின் இதயத்தில் வேலை செய்வதை மறிக்கும் மருந்தான பீற்றாத் தடுப்பிகளில் ஒன்றாகிய புரொப்பிரனோலோலைக் கொடுத்தபோது, நெருக்கீட்டுக்கு உள்ளான தலைமைக் குரங்குகளில் அந்தப் படிவு வெகுவாகக் குறைந்தது. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் கனமான சான்று. நரம்பிலிருந்து இதயத்துக்குச் செல்லும் செய்தியை மறித்தால் நாடி காப்பாற்றப்படுகிறது என்றால், ஆபத்து வேளையில் உடலை உசுப்பிவிடும் பரிவு நரம்புகளும் அதிரனலினும் அந்த வழியில் வேலை செய்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும். பெண் குரங்குகளில் நிலைமை வேறு: கீழ்நிலையில் ஒடுங்கியிருந்தவற்றிலேயே சூலகத் தொழிற்பாடு குன்றிப் படிவு கூடியது.

மறுமொழி: கொட்டாஞ்சேனை வாசகர்

சுண்டெலிகளில் வந்த விடயத்தையும் சேர்க்கிறேன். கூட்டைச் சரித்து வைத்தும், நெருக்கியும், தனிமைப்படுத்தியும் வாரக்கணக்கில் நெருக்கீடு கொடுத்த ஆய்வொன்று 2014 இல் வெளிவந்தது. எலும்பு மச்சையில் முடியும் பரிவு நரம்புகள் நோரதிரனலினைக் கூடுதலாகச் சுரக்க, அங்கே குருதிக் கலங்களை உண்டாக்கும் தண்டுக்கலங்கள் வேகமாகப் பெருகி, அழற்சியை உண்டாக்கும் வெண்குழியங்களைக் குருதிக்குள் அனுப்பின. நாடிப் படிவுள்ள எலிகளில் அந்தப் படிவு, உடைவதற்கு ஏதுவான தன்மையைப் பெற்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்த இளம் வைத்தியர்களின் குருதியிலும் பணி வாரத்தில் வெண்குழியங்கள் கூடியிருந்ததை அதே குழு கண்டது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் துடிப்பது. அதன் படிவு மனிதரில் போல உடைந்து குருதிக்கட்டி அடைப்பது அரிது. ஆகவே எலியில் கண்டதை அப்படியே அப்பாவின் நெஞ்சில் வைத்துப் பார்க்கக் கூடாது. குரங்கு நமக்கு எவ்வளவோ அருகில் இருக்கிறது.

மறுமொழி: வெள்ளவத்தை மகள்

இருவருக்கும் மிக்க நன்றி. அப்பாவின் குளிசைகளிலும் பீற்றாத் தடுப்பி ஒன்று இருக்கிறது. அப்படியானால் அவருக்கு நெருக்கீட்டால் பயமில்லை என்று கொள்ளலாமா?

மறுமொழி: உடற்றொழிலியல் ஆசிரியர்

தயவுசெய்து அப்படிக் கொள்ள வேண்டாம் தங்கச்சி. மாரடைப்புக்குப் பின் அதனைக் கொடுப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ அவருடைய வைத்தியரின் முடிவு. அப்பாவின் நித்திரையையும் இந்த இரவுக் கணக்கையும் பற்றிக் கிளினிக்கில் நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள், ஏனென்றால் அவராகச் சொல்லமாட்டார்.

மறுமொழி: வெள்ளவத்தை மகள்

எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலைமைக் குரங்கு வந்த இடத்தில் என்னை நிறுத்தி, கூட்டம் மாறாமல் இருந்ததுகளுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த வரியை மறுபடியும் வாசித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு என்னையும் கூட வரச் சொன்னார். கொப்பி இன்றிரவு அண்ணாவிடம் இருக்கிறது.